சும்மா கிடந்த பெயர்

குயாவ், கிரெனடா
5 பிப்ரவரி 1995

அன்புள்ள பெப்,

இந்த நாலு வரி உன் கைக்கு வரும்போது நீ நல்ல உடம்போடு இருக்க வேண்டும். இங்கே நாங்களும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், கடவுளுக்கு நன்றி. அம்மாவுக்குச் சர்க்கரை மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. இடது கால் கட்டைவிரலில் ஒரு புண், ஆறவில்லை. கிறிஸ்துமஸுக்குத் துணியும் சோப்பும் அடைத்து நீ அனுப்பிய பீப்பாய் ஜனவரி கடைசியில் வந்து சேர்ந்தது. சட்டைகள் சரியாக இருந்தன. சோப்பு வாசனை எல்லாத் துணியிலும் ஏறிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை நான் ஜாதிக்காய் தரம் பிரிக்கும் நிலையத்தில் வேலையில் இருந்தபோது தலைநகரிலிருந்து ஒருவர் காரில் வந்து நம் வீட்டு முன்னால் இறங்கியிருக்கிறார். கால்பந்து சங்கத்தின் புதுச் செயலாளர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல். "ராய்டன் மொடெஸ்டோட அம்மா நீங்கதானா?" என்று கேட்டாராம். அம்மா "ஆமா" என்றாளாம். வேறு என்ன சொல்வாள், பெற்றவள்தானே.

நான் வந்து பார்த்தபோது மனிதர் உட்கார்ந்து கோக்கோத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஏதோ போர்ச்சுகல் பத்திரிகையில் உன் கிளப் செய்தியைப் பார்த்தாராம். "இப்படி ஒரு ஆட்டக்காரன் நம்ம தீவுல பொறந்திருக்கான், எங்க யாருக்குமே தெரியலையேம்மா!" என்று ஒரே சந்தோஷம். மே மாதம் கோப்பைக்கான தகுதி ஆட்டம் நம் மண்ணில் நடக்கிறது, ராய்டன் வந்தே ஆக வேண்டுமாம். பிறகு ஃபைலைப் புரட்டினார். "எண்பத்தஞ்சுல அல்ஸ்டன் மொடெஸ்ட்னு ஒருத்தர் நமக்காக நாலு மேட்ச் ஆடியிருக்காரே, அவரும் உங்க மகன்தானா? இப்ப எங்க இருக்கார்?"

அம்மா என்னைப் பார்த்தாள். "வெளிநாட்டுல" என்றேன்.

"எந்த நாடு?"

"குளிரான நாடு" என்றேன்.

ஒன்பது வருடமாக இப்படித்தான். கவரின் மேல், ஆறு வயதில் காய்ச்சலில் செத்துப்போன தம்பி ராய்டனின் பெயரை எழுதுகிறேன். உள்ளே உன் பெயரை எழுதுகிறேன். அன்று ஆட்டக்காரர் தேடி வந்த போர்ச்சுகல்காரன் பத்தொன்பது வயதுக்கு மேல் வேண்டாம் என்றான், உனக்கு இருபத்துமூன்று. உனக்குப் பந்து சொல்லிக்கொடுத்த கஃபி சார் போய் ராய்டனின் பிறப்புச் சான்றிதழை வாங்கி வந்தார். பிறந்தவர்களுக்கு ஒரு புத்தகம், செத்தவர்களுக்கு ஒரு புத்தகம், இரண்டையும் யார் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? "அந்தப் பேரு சும்மாதானே கெடக்கு, மிஸ் இஸ்மே" என்றார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முழுவதும் கழுவி முடித்துவிட்டுத்தான் சரி என்றாள். குயாவ் முழுக்க இது தெரியும். மற்ற எல்லாவற்றிலும் ஓட்டைவாய் உள்ள ஊர், இதில் மட்டும் வாய் திறக்கவில்லை. ஆனால் இந்தச் செயலாளர் குயாவ்காரர் இல்லையே.

என்ன சொல்வது என்று எழுது.

வெர்லின்


வடக்குப் போர்ச்சுகல்
27 பிப்ரவரி 1995

அன்புள்ள வெர்லின்,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். அம்மாவின் புண் இதற்குள் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். புண்ணில் கண்ட இலையைக் கட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

இங்கே பத்து நாளாக மழை. மைதானம் பன்றி புரண்ட சேறு மாதிரி இருக்கிறது. போன ஞாயிறு 2-1, ஜெயித்தோம், ஒன்று நான் போட்டது. கோச் என்னை இடது விங்கிலிருந்து எடுத்துப் பின்வரிசையில் போட்டுவிட்டார். "ஓடுற வேலைய சின்னப் பசங்க பாக்கட்டும் ராய், நீ நின்னு யோசி" என்கிறார். இருபத்தேழு வயதுக்காரனிடம் சொல்லும் பேச்சா இது? அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டதோ என்று ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

செயலாளரிடம் எனக்குக் காலில் அடி என்று சொல். ஜூன் மாதம் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் தருவதாகக் கிளப் தலைவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அது என் உண்மையான வயதுக்கு யாரும் தராதது. இந்த நேரத்தில் நான் அங்கே வந்து எந்தப் பெயரில் ஆடுவது? ராய்டன் என்று இறங்கினால் மைதானத்தில் இருக்கும் பாதிப் பேர் அவனைப் புதைத்த அன்று வந்தவர்கள். அல்ஸ்டன் என்று இறங்கினால் இங்கே சோறு போச்சு. அதுவும் போகட்டும், விமான நிலையத்தில் கடவுச்சீட்டு பார்ப்பது இப்போது யார்? என் பள்ளி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த கிளியோஃபஸ். அவனுக்கு முன்னால் போய் நான் ராய்டன் என்று நீட்டவா? ஒன்பது வருடமாக ஊருக்கு வராததற்குக் காரணம் திமிர் என்று ரம் கடையில் பேசுவார்கள். பேசட்டும்.

இன்னும் இரண்டே வருடம். அம்மாவிடம் சொல்.

உன் அன்பு,
பெப்


குயாவ்
26 மார்ச் 1995

அன்புள்ள பெப்,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? குளிருக்கு உள்சட்டை போடுகிறாயா? நான் நலம்.

அடி என்று சொன்னேன். "அடிபட்டவர் போன ஞாயிறு கோல் போட்டிருக்காரேம்மா" என்று செயலாளர் பத்திரிகையை நீட்டினார். அம்மா கட்டிலில் இருந்தபடியே, "அடி கால்லதானே? தலையால போட்டிருப்பான்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். கிளப்புக்கே எழுதிக் கேட்கிறேன் என்று போயிருக்கிறார்.

அம்மாவின் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். சொல்லக் கூடாது என்றாள், சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே வேலை, சாயங்கால வானொலியில் மரண அறிவிப்பு கேட்பது. முன்னாலும் கேட்பாள், இப்போது பரீட்சைக்குப் படிப்பவள் மாதிரி கேட்கிறாள். "கேட்டியா, புரூக்ளின்ல இருக்கற மூத்த மருமக பேரை விட்டுட்டாங்க. நாளைக்கே சண்டை" என்கிறாள். அவள் சொன்னபடியே சண்டையும் வருகிறது. நேற்று, "பேப்பரும் பேனாவும் எடு. எனக்கு எழுதி வை. நீ அன்னிக்கு அழுதுக்கிட்டு யாரையாவது விட்டுருவே" என்றாள்.

எழுதினேன். இஸ்மே மொடெஸ்ட், மிஸ் இஸ்மே என்றும் மீன்சந்தை இஸ்மே என்றும் அறியப்பட்டவர். ஹட்டர்ஸ்ஃபீல்டில் தங்கை, டொரன்டோவில் அண்ணன் பிள்ளைகள் மூன்று பேர், ட்ரினிடாடில் சித்தப்பா பிள்ளைகள். ஞானத்தகப்பன் வீட்டு நாய் மட்டும்தான் பாக்கி. பிள்ளைகளுக்கு வந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள். "மகள் வெர்லின், குயாவ். மகன் அல்ஸ்டன், பெப்னு கூப்புடுவாங்க, போர்ச்சுகல். காலஞ்சென்ற மகன் ராய்டன்."

நான் பேனாவை வைத்துவிட்டேன். தீவு முழுக்கக் கேட்கும், செயலாளரும் கேட்பார் என்றேன்.

"கேக்கத்தானே ரேடியோ" என்றாள்.

இப்போதைக்கு அவள் சொன்னபடியே எழுதி பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

வெர்லின்


வடக்குப் போர்ச்சுகல்
17 ஏப்ரல் 1995

அன்புள்ள வெர்லின்,

அம்மாவும் நீயும் சுகமாக இருக்கக் கடவுள் துணை. எனக்கு ஒரு குறையும் இல்லை.

அம்மா எனக்குப் பத்து வயதிலிருந்து செத்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு புயலுக்கும், புதைக்கும்போது போட்டுவிடச் சொல்லி, தன் வெள்ளைக் கல்யாண கவுனை எடுத்து வெளியே வைப்பாளே, மறந்துவிட்டாயா? நம் எல்லோரையும் புதைத்துவிட்டுத்தான் போவாள்.

ஆனால் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடு. "பிள்ளைகளும் உறவினர்களும்" என்று பொதுவாக எழுது. கிளப்புக்குச் செயலாளரின் கடிதம் வந்தது. "அங்க ஒனக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கானாமே, அவனும் ஆடுவானா?" என்று தலைவர் கேட்டார். "ஆடினான், விட்டுட்டான்" என்றேன். சொல்லும்போது ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் விசித்திரம். வேறு யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வது போலவே இருந்தது. இங்கே தெருவில் யாராவது ராய் என்றால்தான் திரும்புகிறேன். பெப் என்பது உன் கடிதத்தில் மட்டும் இருக்கிறது.

ஞாயிறு 0-0. முழுநேரம் ஆடினேன். முழங்கால் கொஞ்சம் வீங்குகிறது, ஐஸ் வைத்தால் போய்விடும்.

உன் பெப்


குயாவ்
14 மே 1995

அன்புள்ள பெப்,

சுகமா? உன் முழங்கால் எப்படி? இங்கே மழை இன்னும் தொடங்கவில்லை, குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர்.

தகுதி ஆட்டம் முடிந்தது. 3-0, தோற்றோம். வானொலியில் கேட்டோம். இரண்டாவது கோல் விழுந்ததும் கூட்டத்தில் யாரோ "பெப் எங்கடா?" என்று கத்தியது இங்கே வரைக்கும் கேட்டது. நம் ஊர்க்குரல்தான். அம்மா வானொலியைத் தடவிக் கொடுத்தாள்.

அவள் காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போன வியாழன். புண் மேலே ஏறிவிட்டது என்றார்கள், கையெழுத்து போட்டேன். இடது கால்.

ஒன்பதாம் தேதி ராய்டனின் பிறந்தநாள். வருடாவருடம் செய்வது மாதிரி கேக் சுடச் சொன்னாள், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே. சுட்டு எடுத்துப் போனேன், நர்ஸ்களுக்குக் கொடுத்தாள். "இருபத்தெட்டு ஆகியிருக்கும் அவனுக்கு" என்றாள். பிறகு உன்னிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள். அங்கே அந்தத் தேதியில் நீ என்ன செய்கிறாய்?

நீ எப்போது வருவாய் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வெர்லின்


வடக்குப் போர்ச்சுகல்
12 ஜூலை 1995

அன்புள்ள வெர்லின்,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. நான் சுகம். அம்மா எழுந்து உட்கார்ந்திருப்பாள் என்று நம்புகிறேன்.

ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. இரண்டு வருடம். வீடு மாறியிருக்கிறேன், இனி கிளப்புக்கு எழுத வேண்டாம். கவரின் பின்னால் இருக்கும் முகவரிக்கு எழுது. இது பக்கத்து ஊர், சின்ன அறை, ஆனால் சுத்தம். காலையில் ஆறு மணிக்கே எழுந்துவிடுகிறேன்.

இந்த ஊரில் செருப்பு நன்றாகச் செய்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு ஜோடி, தோல், உள்ளே மெத்தென்று இருக்கும். ஜோடியாகத்தான் தருகிறார்கள், ஒற்றையாகத் தருவதில்லை. தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

இந்த வருடம் வர முடியாது. அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம்.

பெப்


குயாவ்
20 ஆகஸ்ட் 1995

அன்புள்ள பெப்,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒப்பந்தம் பற்றி மகிழ்ச்சி. கஃபி சாரிடம் சொன்னேன், ரம் கடையில் எல்லோருக்கும் அவர் செலவில் ஊற்றினார். "நான் உருவாக்கின ஆளுடா அவன்!" என்று மேசையைத் தட்டினாராம். நீ ஆட்டக் கணக்கு எதுவும் எழுதவில்லை. பருவம் தொடங்கவில்லை போலிருக்கிறது.

செருப்பு வந்தது. அம்மா வலது செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். இடது செருப்பைப் பெட்டியோடு அலமாரியில் வைத்தேன். "தூக்கிப் போடாத, நல்ல தோலு" என்றாள்.

தினமும் சாயங்காலம் பைபிளிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் படிக்கச் சொல்கிறாள். "பேரை மாத்தலையே?" இல்லை என்று காட்டுகிறேன். நேற்றுப் படித்து முடித்ததும் சொன்னாள்: "ரெண்டு ஆம்பளப் புள்ள பெத்தேன், வெர்லின். செத்தவன் பேரை இருக்கறவன் தூக்கிட்டுப் போயிட்டான். இருக்கறவன் பேரைக் கூப்பிட இங்க ஆள் இல்ல. ஒரே ஒரு தடவ ரெண்டு பேரையும் அவனவன் எடத்துல வச்சு சத்தமாச் சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு."

நான் சரி என்றேன். பொதுவாக எழுதச் சொன்ன உனக்கும் சரி என்றுதான் சொல்கிறேன். இரண்டு சரியையும் வைத்துக்கொண்டு தினம் ஜாதிக்காய் பொறுக்கப் போகிறேன். தொட்டித் தண்ணீரில் எடை குறைந்த காய் மிதக்கும், நல்லது மூழ்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போய்விடுகிறது.

மே ஒன்பது பற்றிய அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

வெர்லின்


போர்ச்சுகல்
18 செப்டம்பர் 1995

அன்புள்ள வெர்லின்,

நான் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

மே ஒன்பதாம் தேதி உடைமாற்றும் அறையில் கேக் வெட்டுவார்கள். மெழுகுவர்த்தி ஊதுவேன். கைதட்டுவார்கள். முதல் இரண்டு வருடம் என் துண்டை யாருக்காவது கொடுத்துவிட்டேன், பிறகு பழகிவிட்டது. கேக் நன்றாக இருக்கும். இதை அம்மாவிடம் படிக்காதே.

யோசித்துப் பார்த்தேன். பொதுவாக எழுதினால் ஊரில் கேள்வி வரும், அம்மாவுக்கும் மரியாதை இல்லை. அதனால் இப்படிச் செய். மகன் ராய்டன், போர்ச்சுகல். காலஞ்சென்ற மகன் அல்ஸ்டன். அவ்வளவுதான், இரண்டு சொல்லை இடம் மாற்றினால் போதும். யாருக்கு என்ன நஷ்டம்? குயாவுக்கு உண்மை தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. செயலாளர் தேடுவதையும் நிறுத்திவிடுவார். நவம்பரில் பெரிய கிளப் ஒன்று என்னைப் பார்க்க வருகிறது. இருபத்தெட்டு என்பதால்தான் வருகிறார்கள். அங்கிருந்து ஒரு வார்த்தை தவறாக வந்தால் என் கதை முடிந்தது.

அல்ஸ்டனைக் கொன்றுவிடு. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேன்.

பெப்


குயாவ்
29 அக்டோபர் 1995

அன்புள்ள பெப்,

தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். அம்மா பதினாறாம் தேதி திங்கட்கிழமை காலையில் போனாள். கஷ்டப்படவில்லை. கஞ்சி கொண்டுவருகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன், திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. கஞ்சியை நான் குடித்தேன். ஏன் என்று கேட்காதே, சூடாக இருந்தது, குடித்துவிட்டேன்.

தந்திக்கு முன்னால் கிளப்புக்குத் தொலைபேசி செய்தேன். எடுத்தவர் போர்ச்சுகீசில் இரண்டு முறை ஏதோ சொல்லி வைத்துவிட்டார். எனக்குப் புரிந்தது "ராய்" என்பதும் "இல்லை" என்பதும்தான். பயிற்சிக்குப் போயிருப்பாய்.

மதியம் பஸ் பிடித்து வானொலி நிலையத்துக்குப் போனேன். அம்மாவின் காகிதம் பையில் இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு படிவம் கொடுத்தாள். மடியில் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்தே எழுதினேன். எல்லாம் அவள் சொன்னபடி. ஹட்டர்ஸ்ஃபீல்ட், டொரன்டோ, ஒருவரையும் விடவில்லை. அந்த ஒரு வரியில் மட்டும் உன் கடிதப்படி எழுதினேன். அந்தப் பெண் சத்தமாகப் படித்துக் காட்டினாள். "சரியா இருக்கா பாத்துக்கங்க. ஒரு தடவ வாசிச்சா வாசிச்சதுதான்."

"சரியா இருக்கு" என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் நாற்பது பேர். வானொலியை மேசையில் வைத்தார்கள். "காலஞ்சென்ற அல்ஸ்டன், பெப் என்று அழைக்கப்பட்டவர்" என்று அறிவிப்பாளர் வாசித்தார். நிதானமாக, அழகாக வாசித்தார். மீன்காரி ஐடா எழுந்து என் தோளைத் தொட்டு, "ரெண்டு பேரையும் ஒன்னா இழந்துட்டியேம்மா" என்றாள். காபி கொடுத்தேன்.

வலது செருப்போடுதான் புதைத்தோம். ஜெபத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். செயலாளர் மலர் வளையம் அனுப்பினார், அம்மாவுக்கு ஒன்று, அல்ஸ்டனுக்கு ஒன்று.

உன் ஆட்டம் நல்லபடி நடக்கட்டும்.

வெர்லின்


போர்ச்சுகல்
3 டிசம்பர் 1995

வெர்லின்,

உன் உடல்நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

தந்தி வந்த அன்று எனக்கு வேலை இருந்தது. போனேன். செருப்புத் தொழிற்சாலையில் அடித்தோலுக்குப் பசை தடவுகிறேன். ஜூன் மாதத்திலிருந்து. ஒப்பந்தம் யாரும் போடவில்லை. முழங்காலைப் படம் எடுத்தார்கள். வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இது இருவத்தெட்டு வயசுக்காரன் முட்டி இல்லையே" என்று சிரித்தார். தலைவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள்.

நவம்பரில் ஒரு கிளப் பார்க்க வந்தது உண்மை. பெரிய கிளப் இல்லை. அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். பிறகு ஒருவர் வந்து என் தோளில் துண்டைப் போட்டார்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று நானே கேட்டுக்கொண்டேன். கஃபி சார் ரம் ஊற்றினார் என்று எழுதினாயே, அதனால் என்று வைத்துக்கொள். அதற்கு முன்பே பொய்யைத் தொடங்கிவிட்டேன் என்பது உனக்கும் தெரியும். பாதுகாக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் அம்மாவின் ஒரே ஆசையை உன் கையாலேயே அழிக்க வைத்திருக்கிறேன். பசையால் விரல் நுனி எல்லாம் காய்த்துப் போயிருக்கிறது, பேனாவைப் பிடித்திருப்பதே தெரியவில்லை.

ஊருக்கு வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். கிளியோஃபஸ் கேட்டால் கேட்கட்டும். நீ வானொலியில் தவறு நடந்துவிட்டது என்று ஒரு திருத்தம் கொடுத்து வைக்கிறாயா? ஊருக்கு எப்படியும் தெரிந்ததுதானே.

பெப்


குயாவ்
7 ஜனவரி 1996

அன்புள்ள பெப்,

உன் கடிதம் புத்தாண்டுக்கு முந்தின நாள் வந்தது. ஒரு வாரம் மேசையிலேயே கிடந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஜாதிக்காய் நிலையம் திறந்துவிட்டது, வேலைக்குப் போய் வருகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

டிசம்பர் பதினேழாம் தேதி தலைநகர் மைதானத்தில் நம் அணிக்கும் செயின்ட் வின்சென்டுக்கும் ஆட்டம். செயலாளர் எனக்கு அழைப்பு அனுப்பியிருந்தார், முன் வரிசை. போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள், போனேன். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணியும் நடுவட்டத்தில் நின்றன. ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: அல்ஸ்டன் மொடெஸ்ட், பெப், குயாவ், எண்பத்தைந்தில் நாலு ஆட்டம், இரண்டு கோல், இடது விங். ஒரு தப்பும் இல்லை. பிறகு ஒரு நிமிட மௌனம்.

குயாவிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். உன்னோடு கடற்கரையில் பந்து உதைத்தவர்கள், உன் கல்யாணத்தைப் பற்றிப் பந்தயம் கட்டியவர்கள். அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்தார்கள். யாராவது ஒருவன் சிரிப்பான் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. கஃபி சார் அழுதார். நிஜமாகவே அழுதார், பெப். மூக்கு ஒழுக, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு.

விசில் ஊதியதும் பக்கத்தில் இருந்த பேக்கரி ஜஸ்டஸ் பெருமூச்சு விட்டான். போன வருடம் வரைக்கும் உன் கடிதம் வந்தால் முதலில் வந்து கேட்பவன். "நல்ல இடது கால் அவனுக்கு. சின்ன வயசுலயே போயிட்டான்" என்றான். "யாரைச் சொல்ற?" என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஒனக்குத் தாங்க முடியாதுதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் நடிக்கவில்லை. வானொலியில் வாசித்தார்கள், வளையம் வந்தது, மௌனம் நின்றார்கள். ஊர் உன்னை அடக்கம் செய்து முடித்துவிட்டது.

திருத்தம் பற்றி வானொலி நிலையத்தில் கேட்டேன். அதே பெண்தான். "செத்ததாச் சொன்னவர் உயிரோட இருந்தா, அவரே நேர்ல வந்து சொல்லணும்" என்றாள்.

வருவதாக இருந்தால் வா. உனக்கு இங்கே கட்டில் உண்டு, சோறு உண்டு. ஆனால் நீ யார் என்று ஊருக்கு நான் சொல்ல மாட்டேன். அம்மாவின் பிள்ளைகள் யார் யார் என்று ஒரு முறை போய்ச் சொன்னேன், அதோடு எனக்கு வாய் அடைத்துவிட்டது. பஸ் சந்தையில் நிற்கும், அங்கே ஜஸ்டஸ் இருப்பான், கஃபி சார் இருப்பார், ஐடா இருப்பாள். இறங்கி அவர்கள் முன்னால் நின்று உன் பெயரை நீயே சொல். நம்புகிறார்களா என்று பார்ப்போம்.

வெர்லின்